கிழக்குப் பார்த்த சுவிட்சுகள்

"அப்ப அது சூட்டுக் காத்தையெல்லோ குடிக்கப்போகுது!"

காதுக்குப் பின்னால் திடீரென்று கேட்ட குரலில் நிதர்சனா துள்ளியே விட்டாள். கையிலிருந்த போன் நழுவி மழைச் சேற்றில் விழப் பார்த்தது. நல்ல காலம்... இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டாள்.

பரந்தன் சந்தியில் விடியக் காலையிலிருந்தே மழை கொட்டித் தீர்த்தது. முல்லைத்தீவிலிருந்து வந்த பஸ் அவளை இறக்கிவிட்டு யாழ்ப்பாணப் பக்கம் திரும்பி ஓடிவிட்டது. குடையை வீட்டுக் கதிரையில் மறந்துவிட்டு வந்த பிள்ளை, ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழ் ஒதுங்கி நின்று, தன் மேலாளர் ஜெயந்தனோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்கு மேலாகக் கத்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது.

அவள் கத்திய கதை இதுதான்.

"ஓம் சேர்... புதுச் சுவிட்ச் எல்லாம் கிழக்குப் பாத்துத்தான் நிக்கும். அதை ஐயா மாத்த விடமாட்டார்... ஓம், ஏசி மேற்குச் சுவரிலை... சேர்வர் விடுற சூடு கிழக்காலைதான் வெளியிலை வரும்... ஓமோம் சேர், முன்பக்கத்தாலை காத்தை இழுக்கிற மொடல் எண்டுதான் எழுதியிருக்கிறன்..."

அந்த இடத்தில்தான் அந்தக் குரல் குறுக்கே விழுந்தது.

திரும்பிப் பார்த்தாள். உயரமான ஒருவன். நீல நிறச் சேட், தோளில் ஒரு பை. தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. ஒரு மழைத்துளி அவன் இமையில் தொங்கிக்கொண்டு, விழுவதா விடுவதா என்று யோசித்தது. அந்த இமைக்குக் கீழே... சிரிக்கிற கண்கள். வாய் சிரிக்கவில்லை, கண் மட்டும்தான் சிரித்தது.

'என்னடி, முன்பின் தெரியாதவனை இப்படியா பார்ப்பது?' தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

"சேர், நான் பிறகு எடுக்கிறன்." போனை வைத்தாள். கோபத்தைக் கையில் எடுத்தாள். "அடுத்தவை கதைக்கிறதை ஒட்டுக் கேக்கிறது நல்ல பழக்கமோ?"

"ஐயோ, நான் ஒட்டுக் கேக்கேல்லை. நீங்கள் கத்தின கத்துக்கு ஆனையிறவிலை நிண்டவனுக்கும் கேட்டிருக்கும்."

"உங்களுக்கு என்ன தெரியும் இதைப்பற்றி? பெரிய ஆள் மாதிரி..."

"கொஞ்சம் தெரியும்." அவன் விரலை நீட்டிக் காற்றில் கோடு போட்டான். "ஏசி மேற்கிலை. சூடு கிழக்கிலை. சுவிட்சின்ர முகமும் கிழக்கிலை. முகத்தாலை மூச்சிழுத்தா வயித்துக்குள்ளை போறது சூடுதானே? இப்ப மாரி, தாக்குப் பிடிக்கும். சித்திரை வரட்டும்... ஆள் முடிஞ்சுது."

நிதர்சனாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இடறியது. முன்பக்கம்... கிழக்கு... சூடு... மனம் வேகமாகக் கணக்குப் பார்த்தது. ஆனால் ஊர் பேர் தெரியாத ஒருத்தனுக்கு முன்னால், அதுவும் இப்படிக் கண்ணால் சிரிக்கிற ஒருத்தனுக்கு முன்னால், ஓம் என்று ஒத்துக்கொள்ள அவளுக்கு என்ன தலையெழுத்தா?

"உங்கட வேலையைப் பாருங்கோ!" என்றுவிட்டு மழைக்குள் இறங்கினாள்.

"நில்லுங்கோ... நனையப் போறியள்!"

"நனைஞ்சா எனக்கு. உங்களுக்கு என்ன?"

விறுவிறென்று நடந்தாள். திரும்பிப் பார்க்கவேண்டும் போல ஒரு எண்ணம் வந்தது... வந்த எண்ணத்தை மிதித்துக்கொண்டு நடந்தாள்.

வன்னிக் கூட்டுறவுத் தரவு நிலையம் என்பது பெரிய பெயர். கட்டடம் சின்னது. பரந்தனிலிருந்து பூநகரிக்குப் போகிற வீதியில், வயல்களைப் பார்த்தபடி ஒரு மாடிக் கட்டடம். ஆனால் அதன் கண்ணாடி அறைக்குள் இருக்கிற சேர்வர்களில்தான் நெல்லுச் சங்கங்கள், மீன்பிடிச் சங்கங்கள் எல்லாவற்றின் பதிவுகளும் இருந்தன. முப்பது கிராமத்துக் கிளினிக்குகளின் மருந்துப் பதிவும் அங்கேதான்.

போன சித்திரையில் அந்த அறையில் ஒரு பழைய சுவிட்ச் கருகிப்போனது. ஒன்றரை நாள் ஒரு கிளினிக்கிலும் ஒரு நோயாளியின் பதிவையும் திறக்க முடியவில்லை. இன்சுலின் போட வந்தவர்கள் வரிசையில் நின்று நின்று திரும்பிப் போனார்கள். மாத்தளன் பக்கத்துத் தாதி ஒருவர் போனில் கேட்ட கேள்வி நிதர்சனாவுக்கு இன்றும் காதில் நிற்கிறது. "தங்கச்சி, இந்த மனுசிக்கு எத்தினை யூனிற் எண்டு நான் ஆரிட்டைக் கேக்கிறது?"

அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுவது என்று சபை முடிவெடுத்தது. கணினிக்குக் கணினி தரவைக் கடத்துகிற பெட்டிகள்தான் இந்தச் சுவிட்சுகள். இரண்டு கோர் சுவிட்சுகள், ஊர்க் கிளை அலுவலகங்களுக்கும் சேர்த்துப் பதினான்கு அக்செஸ் சுவிட்சுகள். அக்செஸ் சுவிட்ச் என்றால் ஒழுங்கை மாதிரி. கோர் சுவிட்ச் என்றால் பரந்தன் சந்தி. எந்த ஒழுங்கையால் வந்தாலும் சந்தியைத் தாண்டித்தான் போகவேண்டும், சந்தி மூடினால் எல்லாம் மூடியது. எந்தச் சுவிட்ச் வேண்டும் என்று விபரம் எழுதியது நிதர்சனா. வருகிற விலைமனுக்களில் எதை எடுப்பது என்று சொல்லப்போவதும் அவள்தான். இரண்டு வருடமாகத் தற்காலிக எஞ்சினியர். இந்த வேலை சரிவந்தால் நிரந்தர நியமனம். பிழையாய்ப் போனால்... இன்னொரு சித்திரையில் கிளினிக்குகள் இருண்டு போகும், அவள் முல்லைத்தீவுக்கு மூட்டை கட்டவேண்டியதுதான்.

சரி, சுவிட்சுகள் ஏன் கிழக்குப் பார்க்கவேண்டும்? அதுதான் தலைவர் நடராசா ஐயாவின் கட்டளை. குடியேற்றத் திட்டத்தில் காடு வெட்டிக் கழனி ஆக்கிய குடும்பத்து மனுசன். அவர் தொடங்கியது எதுவும் கிழக்குப் பார்க்காமல் நின்றதில்லை. ஐந்து வருடத்துக்கு முன் இந்த அறையைத் திறந்தபோது, "விளக்கு மினுங்கிற பக்கம் கிழக்கு வாசலைப் பாக்கட்டும்" என்றார். பார்க்க வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். சேர்வர்களை மட்டும், நல்ல காலமாக, யாரோ ஏசிப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டிருந்தார்கள். சுவிட்சுகளோ, சேர்வர்கள் விடுகிற வெக்கையைப் பார்த்தபடி முகத்தைக் கிழக்கே வைத்துக்கொண்டு நின்றன. ஐயாவிடம் போய் இது சரியில்லை என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. பிறகு வேலைக்கு வந்த நிதர்சனா கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்க வேதக்காரப் பிள்ளை. ஐயாவின் சாமி விசயத்தில் தான் எதற்குத் தலைபோடவேண்டும் என்று விட்டுவிட்டாள். அதோடு விபரம் எழுதும்போது, புத்தகத்தில் எல்லோரும் எழுதுகிற மாதிரியே 'காற்றை முன்னால் இழுத்துப் பின்னால் விடும்' என்று எழுதியும் வைத்துவிட்டாள்.

நனைந்த சாரிச் சலசலப்போடு அறைக்குள் ஓடினாள். மேற்குப் பக்கம் வெப்பமானியைப் பிடித்தாள். இருபத்திரண்டு. கிழக்குப் பக்கம் பிடித்தாள். முப்பத்தொன்பது!

'மாதாவே... அவன் சொன்னது சரி.'

கதிரையில் போய் அமர்ந்தாள். வெட்கமாக இருந்தது. பயமாக இருந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில், சம்பந்தமே இல்லாமல், இமையில் தொங்கிய ஒரு மழைத்துளி நினைவுக்கு வந்து தொலைத்தது...

பதினொரு மணிக்கு விலைமனுப் போடுகிற கம்பனிக்காரர் அறையைப் பார்க்க வந்தார்கள். இரண்டு கம்பனி. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நரைமயிர்க்காரர். கொழும்புக் கம்பனியின் எஞ்சினியர் பின்னால் வந்தார்.

நீல நிறச் சேட்.

"கிருசாந்தன்," என்று ஜெயந்தன் அறிமுகப்படுத்தினார். "இவரும் முல்லைத்தீவுதான் நிதர்சனா. உங்கட ஊர்ப்பக்கம்."

நிதர்சனாவுக்குத் தலை முதல் கால் வரை கொதித்தது. ஓகோ... அப்படியா சங்கதி? கம்பனிக்காரனா? எல்லாம் தெரிந்துகொண்டுதான் பக்கத்தில் வந்து நின்றானா?

மற்றவர்கள் உள்ளே போன நேரம் பார்த்து நடைபாதையில் மறித்தாள்.

"நல்லா நடிக்கிறியள்!"

"என்ன நடிச்சனான்?"

"நான் ஆரெண்டு தெரிஞ்சுதானே சந்தியிலை கதை குடுத்தனீங்கள்? எங்கட அறையைப் பற்றிப் போனிலை சொன்னதெல்லாம் கேட்டு... என்னை மடக்கலாம் எண்டு நினைச்சீங்களோ?"

"அம்மாவாணைச் சொல்லுறன் மிஸ், தெரியாது." சிரிக்கிற கண் இப்போது சிரிக்கவில்லை. "சுவிட்ச், ஏசி எண்டு காதிலை விழுந்த உடனை வாய் தானாத் திறந்திட்டுது. என்ர வாய் அப்பிடி. நீங்கள் கோவிச்சுப்போட்டு மழைக்கை இறங்கினாப் பிறகுதான் மண்டையிலை ஏறினது... இது நான் போற இடத்து ஆள் எண்டு."

"நம்பச் சொல்லுறியளோ?"

"நம்பாட்டியும் பறவாயில்லை. ஆனா காத்தை மட்டும் ஒருக்கா அளந்து பாருங்கோ."

அளந்தாயிற்றே! அதை இவனிடம் சொல்வதா? தொண்டைக்குள் விழுங்கினாள்.

"இஞ்சை பாருங்கோ," என்றாள், குரலை நிமிர்த்தி. "உங்கட கம்பனிக்கும் எங்கட நிலையத்துக்கும் கொடுக்கல் வாங்கல் இருக்குமட்டும் வேலைக் கதையைத் தவிர வேற ஒரு கதையும் என்னோடை வேண்டாம். வேலைக் கதையும் எல்லாருக்கும் முன்னாலைதான். விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு." அவன் தலையாட்டினான். பிறகு மெல்ல, "ஒரே ஒரு கேள்வி... தலைமயிரைத் துடைச்சனீங்களோ? தடிமன் வரப்போகுது."

"இது வேலைக் கதையோ?"

"இல்லை... ஸொரி மிஸ்."

அவன் உள்ளே போய்விட்டான். அவளுக்குத் தும்மல் வந்தது. வந்த தும்மலை மூக்கைப் பிடித்து அடக்கினாள். அவனுக்குக் கேட்டுவிட்டால் மானம் போய்விடாதா?

வெள்ளிக்கிழமை விலைமனு உறைகளைத் திறக்கிற நாள். அதற்கு முன் மூன்று நாள் நிதர்சனா சரியாகச் சாப்பிடவில்லை. விசயத்தை முதலில் ஜெயந்தனிடம்தான் சொன்னாள். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"இப்ப போய் விபரம் பிழை எண்டு சொன்னா, ஆர் எழுதினது எண்டு கேப்பினம். உங்கட நியமனம் என்ன ஆகும்? பேசாமல் விடுங்கோ. வாங்கினாப் பிறகு ஏதும் தகடு கிகடு வைச்சுச் சமாளிப்பம்."

"சமாளிக்காட்டி? சித்திரையிலை கிளினிக் நிண்டா?"

"அதை அப்ப பாப்பம்."

"இன்னொண்டும் இருக்கு சேர். பிழையைக் கண்டுபிடிச்சது நான் இல்லை. கொழும்புக் கம்பனி எஞ்சினியர். சந்தியிலை, தற்செயலா. அதையும் சொல்லவேணுமெல்லோ?"

"உங்களுக்கு என்ன விசரோ?" என்றார் ஜெயந்தன். "அவரோடை ஏதோ தொடர்பு எண்டு கதை கட்டிவிடுவினம்."

அதுதான் அவளுக்கும் பயம். கதை கட்டிவிட்டால்? கட்டுவதற்கு ஒன்றுமே இல்லையே... இல்லையா? மூன்று நாளாக ஏன் ஒவ்வொரு நீலச் சேட்டையும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாய் என்று மனம் கேட்டது. அவள் மனத்தோடு கதைக்காமல் விட்டாள்.

வெள்ளிக்கிழமை, சபை மேசைக்கு அந்தப் பக்கம் நடராசா ஐயா. வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற பார்வை. உறைகள் அவருக்கு முன்னால் ஒட்டியபடி கிடந்தன. கம்பனிக்காரர் ஒருவரும் இல்லை. நிதர்சனா எழுந்து நின்றாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, உறையைத் திறக்க முதல் ஒண்டு சொல்லவேணும். நான் எழுதின விபரம் பிழை."

அவள் மடமடவென்று எல்லாவற்றையும் சொன்னாள். காற்று, சூடு, முப்பத்தொன்பது, சந்தியில் மழைக்கு ஒதுங்கியது, யார் சொன்னது, எல்லாம். கடைசியாக அந்தப் பெரிய கல்லையும் தூக்கிப் போட்டாள்.

"விளக்குப் பக்கம் கிழக்கைப் பாக்கிறபடியாலைதான் ஐயா இந்தப் பிரச்சினை."

ஜெயந்தன் கண்ணை மூடிக்கொண்டார். ஐயா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பவும் போட்டார்.

"கிழக்குப் பாக்கவேணும் எண்டு சொன்னது நான்தான்," என்றார். "அதுக்குச் சூடு ஏறும் எண்டு அஞ்சு வருசமா ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் பார்வை மேலாளர் பக்கம் திரும்பியது.

"ஏன் ஜெயந்தன்?"

"...பயம் ஐயா."

"பயமோ? நான் என்ன கடிக்கிறனானோ?" ஐயாவின் குரல் உயர்ந்தது. உயர்ந்த குரல் அப்படியே உடைந்து சிரிப்பாகிவிட்டது. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "அஞ்சு வருசமா நானும் கற்பூரம் காட்டுறன், உவங்களும் நெருப்பு மூட்டுறாங்கள்... நல்ல வடிவாத்தான் இருக்கு! பிள்ளை, கிழக்கை நான் விடமாட்டன். அதுக்கேத்த மாதிரிப் பின்பக்கத்தாலை காத்து இழுக்கிற சாமான் இருக்கோ?"

"இருக்கு ஐயா! இருக்கு!"

"அப்ப அதை எழுதி ரெண்டு கம்பனிக்கும் அனுப்பு. இப்ப வந்ததைப் பதிவுக்குத் திறந்துபோட்டு வைப்பம்."

நிதர்சனாவுக்கு அழுகை வந்தது. மூன்று நாளாக நெஞ்சில் ஏறியிருந்த பாரம் அப்படியே இறங்கிப் போனது. இவ்வளவுதானா... இவ்வளவுக்கா இத்தனை பேர் பயந்தோம்?

கொழும்புக் கம்பனியின் உறையை ஜெயந்தன் திறந்தார். விலைமனுவுக்கு மேலே தனியாக ஒரு கடிதம் குத்தியிருந்தது. வாசித்தார்.

"'நீங்கள் கேட்ட மொடலுக்கே விலை தந்திருக்கிறோம். ஆனால் உங்கள் அறையில் இந்த மொடல் சூடான காற்றை இழுக்கும். வாங்குவதற்கு முன் ஒருமுறை அளந்து பார்க்கவும். இப்படியே வாங்கும்படி நாங்கள் சொல்லமாட்டோம்.' கையெழுத்து... கிருசாந்தன்."

"தன்ர சாமானையே வாங்காதை எண்டு எழுதியிருக்கிறானே!" ஐயா கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவன் எப்பிடி வியாபாரத்திலை உருப்படுவான்?"

நிதர்சனா சுவரைப் பார்த்தாள். பார்க்க வேறு இடம் இல்லை. நடைபாதையில் அவனைப் பார்த்து 'நடிக்கிறியள்' என்று சொன்ன தன் வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் போல இருந்தது. ஆனால் சட்டம் போட்டதும் அவளே... வேலைக் கதையைத் தவிர வேறு கதை இல்லை!

அந்தச் சட்டத்தை அவன் எப்படிக் காத்தான் தெரியுமா? புது விபரம் போன பிறகு, அடுத்த கிழமை இரண்டு கம்பனியும் திரும்ப அளவெடுக்க வந்தார்கள். கிருசாந்தன் அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. என்ன தேவையென்றாலும் ஜெயந்தனிடம்தான் திரும்பினான்.

"சேர், வயர் வாற வழியை ஒருக்காக் காட்டச் சொல்லி மிஸ்ஸிட்டைச் சொல்லுங்கோ."

"அவா உங்களுக்கு முன்னாலைதானே நிக்கிறா?"

"இருந்தாலும் நீங்கள் சொல்லுங்கோ சேர். அதுதான் முறை."

நிதர்சனாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்தாள்.

"சேர், வழி மேலாலை வருது எண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ," என்றாள்.

"சேர், நன்றி எண்டு சொல்லுங்கோ. முல்லைத்தீவுக் கிளைக் கந்தோருக்கு வைக்கிற அக்செஸ் சுவிட்ச் காத்தாடி இல்லாததா இருந்தா நல்லது எண்டும் சொல்லுங்கோ. கடற்காத்து உப்பு காத்தாடியை அரிச்சுப்போடும். எங்கட வீட்டு ஃபான் ரெண்டு வருசம் தாண்டாது."

"சேர், எங்கட வீட்டிலையும் அப்பிடித்தான் எண்டு சொல்லுங்கோ."

"நான் என்ன உங்களுக்குத் தபால்காரனோ?" என்று ஜெயந்தன் கையை உதறினார்.

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். ஒரு கணம். ஒரே ஒரு கணம். கண் சிரித்தது... அவள் கண்ணும் சிரித்துவிட்டது. உடனே இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் வயரைப் பார்க்கத் தொடங்கினார்கள். வெளியே மழை தூறலாகி, வயலை முழுக்கப் பச்சையாய்க் கழுவி வைத்திருந்தது.

இரண்டாம் தடவை விலைமனுக்கள் வந்தன. நிதர்சனா கதவைச் சாத்திக்கொண்டு அவற்றோடு இருந்தாள்.

யாழ்ப்பாணக் கம்பனியிடம் பின்பக்கத்தால் காற்று இழுக்கிற கோர் சுவிட்ச் இரண்டும் கையிருப்பில் இருந்தன. ஒன்றைச் சோதனைக்கும் தந்திருந்தார்கள். ஒரு முழு நாள் ஓடவிட்டு அளந்தாள், குளிர்ந்த கல்லுப் போல நின்றது. கடற்கரைக் கந்தோர்களுக்குக் காத்தாடி இல்லாத அக்செஸ் சுவிட்சும் அவர்களிடம் இருந்தது. கொழும்புக் கம்பனியின் சாமானும் நல்ல சாமான்தான். ஆனால் கோர் சுவிட்ச் வந்துசேர ஐந்து மாதம் என்று எழுதியிருந்தார்கள். ஐந்து மாதம் என்றால் சித்திரை தாண்டிவிடும். அதை மறைக்காமல் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. எழுதியவன் யார் என்று சொல்லவேண்டுமா?

'அவன்ர கம்பனியை எடுத்தால்...' என்று மனம் மெல்லக் கதை தொடங்கியது. எடுத்தால் அவன் பொருத்த வருவான். பொருத்தின பிறகும் பராமரிப்பு என்று வந்துகொண்டே இருப்பான். நடைபாதையில் அந்தக் காலடி கேட்கும். எடுக்காவிட்டால்? கொழும்புக்குப் போய்விடுவான். பிறகு இந்தப் பக்கம் அவனுக்கு என்ன வேலை? மன்னிப்புக் கூடக் கேட்க முடியாமல் போய்விடும்... ஐந்து மாதம்தானே, சித்திரையில் பழைய சுவிட்சைக் கொஞ்சம் சமாளித்தால் என்ன?

மருந்துப் பதிவுக்காகக் காத்திருக்கிற முப்பது கிளினிக்குகளை நினைத்தாள். சமாளிப்பம் என்று சொன்ன ஜெயந்தனைத் தான் அன்று எப்படிப் பார்த்தாள் என்று நினைத்தாள். பேனையை எடுத்தாள்.

'யாழ்ப்பாணக் கம்பனியைச் சிபாரிசு செய்கிறேன்.'

கையெழுத்துப் போட்டாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதாள். ஏன் அழுகிறாள் என்று அவளுக்கு அப்போது ஒளிவுமறைவில்லாமல் தெரிந்தது. அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

சபை அவள் சிபாரிசை அப்படியே ஏற்றது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு கம்பனிக்கும் முடிவு போனது. அதோடு நடராசா ஐயா அவளைக் கூப்பிட்டு, நிரந்தர நியமனக் கடிதத்தைக் கையில் தந்தார்.

"தன்ர பிழையைத் தானே வந்து சொல்லுற ஆள் எங்களுக்கு வேணும் பிள்ளை," என்றார்.

சந்தோசமாகத்தான் இருந்தது. நெஞ்சு நிறைய நிம்மதி. ஆனால் அந்த நிம்மதியில் ஒரு மூலை மட்டும் காலியாகக் கிடந்தது. கடிதத்தை நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மத்தியானம் முற்றத்துக்கு வந்தாள். பல நாளுக்குப் பிறகு வெயில் எறித்தது.

வாசல் படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டிவந்தவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். முகமெல்லாம் வீதிச் சேறு. சேற்றுக்குள் பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. இந்தத் தடவை கண் மட்டுமில்லை, வாயும் சேர்ந்து சிரித்தது.

கிருசாந்தன்!

"நீங்கள்... கொழும்பிலையெல்லோ?"

"லீவு போட்டு வீட்டிலை நிண்டனான். ஈமெயில் வந்துது. முல்லைத்தீவிலை இருந்து ஒரே ஓட்டம்."

"அது... உங்கட கம்பனியை... நான் வேணுமெண்டு செய்யேல்லை. அஞ்சு மாதம் எண்டபடியால்..."

"தெரியும். நீங்கள் எங்கடையை எடுத்திருந்தாத்தான் எனக்குக் கோவம் வந்திருக்கும்."

"தோத்துப்போட்டு ஏன் சிரிக்கிறியள்? விசரோ?"

"மிஸ், பராமரிப்பு ஒப்பந்தம் எத்தினை வருசம் எண்டு எழுதினனீங்கள்?"

"மூண்டு வருசம்."

"அப்ப நாங்கள் வெண்டிருந்தா?" அவன் விரலை மடக்கி மடக்கிக் காட்டினான். "மூண்டு வருசம் கொடுக்கல் வாங்கல். மூண்டு வருசத்துக்கு வேலைக் கதையைத் தவிர ஒரு கதையும் கதைக்கேலாது. அதுவும் ஜெயந்தன் சேரை நடுவிலை வைச்சு! விலைமனுவை நான் ஒழுங்காத்தான் எழுதினனான், ஒரு கள்ளமும் செய்யேல்லை. ஆனா எழுதி அனுப்பிப்போட்டு நேரே கோயிலுக்குப் போய், மாதாவே எங்களைத் தோக்கப் பண்ணு எண்டு மெழுகுதிரி கொளுத்தினனான்."

நிதர்சனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிரம்பியது. துடைக்க மறந்தாள்.

"அண்டைக்கு உங்களை நடிக்கிறியள் எண்டு சொல்லிப்போட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அதை அண்டைக்கே மறந்திட்டன். நிதர்சனா..." முதல் தடவையாக அவள் பெயரைச் சொன்னான். சொன்னவன் குரல் தடுமாறியது. இவ்வளவு வாய்க்காரனுக்கு இப்போது வாய் வரவில்லை! "சந்தியிலை நீங்கள் கோவிச்சுக்கொண்டு மழைக்கை இறங்கிப் போனீங்களே... அப்பவே எனக்கு உங்களைப் பிடிச்சிட்டுது. எனக்குச் சுத்தி வளைச்சுக் கதைக்கத் தெரியாது. உங்களுக்குச் சம்மதம் எண்டா ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு உங்கட வீட்டை வாறன். இல்லையெண்டா... இப்பவே திரும்பிப் போறன்."

மாடி யன்னலில் ஜெயந்தனின் தலை தெரிந்தது. பக்கத்தில் கண்ணாடிக்கு மேலால் பார்த்தபடி நடராசா ஐயாவின் தலையும் தெரிந்தது. தெரிந்தால் தெரியட்டும் என்று நின்றாள் நிதர்சனா. இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாங்கோ," என்றாள். தலை தானாகக் குனிந்தது. கன்னம் சுட்டது.

அவன் மூச்சை இழுத்து விட்டது மாடி யன்னல் வரைக்கும் கேட்டது. பயம் போன துணிவில், பழைய குறும்பு திரும்பிவிட்டது அவனுக்கு.

"ஒண்டு கேக்கட்டோ? நாங்கள் வெண்டிருந்தா, உண்மையாவே மூண்டு வருசம் என்னோடை கதைக்காமல் இருந்திருப்பீங்களோ?"

நிதர்சனா நிமிர்ந்து, ஈரம் காயாத கண்ணால் அவனை நேராகப் பார்த்தாள்.

"மூண்டு வருசமோ... இந்த மூண்டு கிழமையே என்னாலை ஏலாமப் போச்சு."